திரும்ப வேண்டிய போட்டோ

பெம்பானுக்குப் பக்கத்தில், எங்கள் தாமான் குடியிருப்புக் கோயிலின் அலுவலக அறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தவர்கள்:

பரமேஸ்வரன், கோயில் செயலாளர். தாமானில் எந்தக் கல்யாணப் பேச்சும் அவர் கை வழியாகத்தான் போகும்.

உஷாராணி, அவருடைய மகள். தேத்தண்ணி கலக்க வந்தவள்.

கிருபாலன், ஜாசின் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கோயில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் இலவசமாகக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தான்.

திருச்செல்வம், கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்கிய ஓர் இணைய நிறுவனத்தின் ஆள். டை கட்டியிருந்தான்.

முனியம்மா, என் அம்மா. கோயிலைக் கூட்டித் துடைப்பவள். அந்த அறையின் சாவி அவள் இடுப்பில் இருக்கும்.

வீரப்பன், அம்மாவின் தம்பி. யாரும் கூப்பிடாமல் வந்தவர்.

கலைமகள், அதாவது நான். இரவு வேலை முடிந்து பாக்டரி பஸ்ஸிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தவள்.

ஒரு கம்ப்யூட்டர். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்குள் நாற்பது பெண்கள் இருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் போட்டோ எப்படிப் போய் எப்படித் திரும்புகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் பேசலாம் என்று வீட்டில் முடிவு செய்தால் ஜாசினில் ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் ஒரு போட்டோ எடுப்பார்கள். ஜாதகத்தோடு அதை ஓர் உறையில் போட்டுச் செயலாளரிடம் கொடுப்பார்கள். பையன் வீடு ஒன்று தெரிய வந்தால் அவர் உறையை எடுத்துக்கொண்டு போவார். பிடித்தால் மேலே பேசுவார்கள். பிடிக்காவிட்டால் போட்டோ திரும்பி வரும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து. யாரும் காரணம் கேட்பதில்லை. போட்டோ வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது, பெண்ணை வேறு இடத்தில் பார்க்கலாம். வராவிட்டால் பேச்சு இன்னும் நிற்கிறது என்று அர்த்தம். வேறு எந்த வீடும் அந்த ஜாதகத்தைக் கையால் தொடாது.

எனக்கு அது நடந்தது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு வீடு. பையனுக்கு லோரி ஓட்டும் வேலை. போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு தீபாவளி போய் அடுத்த தீபாவளி வந்தது. மற்ற பெண்களைப் பார்த்துக்கொண்டே என்னை ஸ்டோரில் சாமான் மாதிரி வைத்திருந்தார்கள். கடைசியில் அம்மா பஸ் ஏறிப் போய் அவர்கள் வீட்டு முன்னறையில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "போட்டோவக் குடுத்தாதான் எந்திரிப்பேன்" என்றாள். கொடுத்தார்கள். அதன் ஒரு மூலையில் கோப்பிக் கோப்பை வைத்த வட்டக் கறை இருந்தது.

அதோடு விடுங்கள் என்றேன். அம்மா விடவில்லை. நான் தூங்கும் நேரம் பார்த்து இன்னொரு போட்டோவை உறையில் போட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டாள். இரவு வேலைக்குப் போகிறவளின் விஷயங்கள் எல்லாம் பகலில்தான் முடிவாகும்.

சில மாதம் கழித்து பரமேஸ்வரன் தாம்பாளத்தோடு வந்தார். "நல்ல எடம் அமையலக்கா, தை பொறக்கட்டும் பாப்போம்" என்று போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். வெற்றிலை வாடியிருந்தது. மற்றபடி முறை தவறவில்லை. நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் நடுப்பகலில் கதவைத் தட்டும் சத்தம். அம்மா கோயிலில் இருந்தாள். தூக்கக் கலக்கத்தில் போய்த் திறந்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான். முன்பின் தெரியாதவன்.

"கலைமகள்தானே?" என்றான். "போட்டோல கொஞ்சம் உம்முனு இருந்தீங்க. நேர்ல பரவால்ல."

கதவை அவன் முகத்தில் அறைந்தேன். மோட்டார் சத்தம் போகும்வரை கதவுக்குப் பின்னால் அம்மாவின் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று தூங்கவில்லை. என் போட்டோ அலமாரியில் துணிக்கு அடியில் இருந்தது. அவன் எங்கே பார்த்தான் என்பதுதான் புரியவில்லை.

சுரேகா சொல்லித்தான் புரிந்தது. அவள் பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் பாக்டரியின் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். கம்ப்யூட்டருக்குள் போகும் சில்லுகளைச் சோதித்துப் பிரிப்பது எங்கள் லைனின் வேலை. எங்கள் லைனில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. ஷிப்ட் முடிந்து வரும்போது சுரேகா என்னைத் தனியாக இழுத்துப் போய், மடித்த ஒரு தாளைக் கையில் வைத்தாள்.

"ஆபீஸ்ல டெக்னீஷியன்லாம் இதப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க. நீ போட்டதா இது?"

இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தை அப்படியே அச்சடித்த தாள். மேலே எங்கள் கோயில் கோபுரம். கீழே என் முகம். அதற்குக் கீழே இங்கிலீஷில் என் விவரம். கலைமகள் சுப்பன். பாக்டரி, நைட் ஷிப்ட். படிப்பு: ஆறாம் படிவம், பாதியில் நின்றது. நிறம்: கறுப்பு. செவ்வாய் தோஷம்: உண்டு. முந்தைய பேச்சு: ஒன்று, முறிந்தது. வீட்டு முகவரி, கதவு எண் உட்பட. கடைசி வரி: பகலில் வீட்டில் இருப்பார்.

மற்றதை எல்லாம் விட்டுவிடலாம். கறுப்பு என்பது உண்மை. பாதியில் நின்றதும் உண்மை. அந்தக் கடைசி வரியை விட முடியவில்லை.

அம்மாவிடம் தாளைக் காட்டி ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். அம்மா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பரமேஸ்வரன் வீட்டுக்குப் போனாள். "ஞாயித்துக்கெழம வாங்கக்கா, கேஎல்லேருந்து கம்பெனி ஆளு வர்றாரு, எல்லாத்தயும் அவர்கிட்டயே பேசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இப்படித்தான் நாங்கள் எல்லோரும் அந்த அறையில் உட்கார்ந்தோம்.

நாங்கள் போனபோது சுவரோரம் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள் இருந்தன. புதிய கம்ப்யூட்டர்கள். திருச்செல்வம் காரில் கொண்டுவந்தவை. கோயில் சம்மதித்தால் அவை கோயிலுக்கு அன்பளிப்பு. பதிலுக்கு, கோயிலுக்கு வரும் கல்யாண உறைகள் இனி மாதா மாதம் அவன் நிறுவனத்துக்குப் போகும். மேசைமேல், அந்தப் பக்கத்தைச் செய்து போட்ட கிருபாலனுடைய பழைய கம்ப்யூட்டர் தயாராக இருந்தது.

"வாங்க வாங்க. பசியாறியாச்சா?" என்றார் பரமேஸ்வரன்.

"வேல முடிஞ்சி நேரா வர்றேன் அங்கள். பேசி முடிச்சிட்டுப் போய்த் தூங்கணும்."

திருச்செல்வம் புன்னகைத்தான். "மிஸ் கலைமகள், உங்க கன்சர்ன் எனக்குப் புரியுது."

"கன்சர்ன்லாம் ஒண்ணும் இல்ல. என் போட்டோவ எடுங்க."

"அவசரப்படாதீங்க. இதோட பவர் என்னன்னு மொதல்ல சொல்றேன். லண்டன்ல உக்காந்து உங்களப் பாக்கலாம், சிங்கப்பூர்ல உக்காந்து பாக்கலாம்."

"சிங்கப்பூர்க்காரன் ஏன் பெம்பான்ல வந்து பொண்ணு தேடறான்?" என்றார் வீரப்பன் மாமா. "அங்க தீந்து போச்சாலா?"

"தம்பி, நீ சும்மா இரு" என்றாள் அம்மா.

பரமேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "அக்கா, இது புதுசு, அதான் பயமா இருக்கு. பேப்பர்ல மணமகள் தேவைன்னு போடறாங்கதானே? அதேதான் இது."

"பேப்பர்னா மறுநாள் அதுல நாசி லெமாக் சோறு மடிச்சிருவாங்க அண்ணே. இத எப்ப மடிப்பாங்க?"

"இது அழியவே அழியாதும்மா" என்றான் திருச்செல்வம்.

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். அம்மா புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா கம்ப்யூட்டர்லாம் செத்துப் போயிரும்னு டிவில சொன்னாங்களே?" என்று மாமா கேட்டார். "அப்பவும் அழியாதா?"

"அதுக்கெல்லாம் வழி பண்ணிட்டாங்க அங்கள்."

"பண்ணிட்டீங்களா. நான் வேற நம்பிக்கிட்டு இருந்தேன்."

நான் கிருபாலனைப் பார்த்தேன். அவன் மௌசை மேசையில் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தான். ஒரே பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். அவன் கெட்டவன் இல்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

"கிருபா, நிறம் கறுப்புன்னு எழுதச் சொன்னது யாரு?"

"கலை, நான் யார்கிட்டயும் காசு வாங்கல. அங்கள் உறையத் தந்தார், நான் ஸ்கேன் பண்ணினேன். கோயிலுக்குச் செய்யற சேவைன்னு நெனச்சித்தான் செய்தேன்."

"அத நான் கேக்கல."

"பக்கம் போடற பாரத்துல ஒரு கட்டம் இருந்துச்சு. நிறம்னு. காலியா விட்டா அடுத்த பக்கம் போக விடாது."

"பகல்ல வீட்ல இருப்பேன்னு எழுதினியே?"

"அதுக்கும் ஒரு கட்டம். எப்ப தொடர்பு கொள்ளலாம்னு கேக்கும். நீ நைட் ஷிப்ட்தானே, அதான்…"

"கட்டம் இருந்தா ஆளத் தூக்கி உள்ள போட்டுருவியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? தாமானுக்கு எத்தன தடவ வந்திருக்க, சனிக்கெழம சனிக்கெழம வர்ற."

"அங்கள்கிட்ட கேட்டேன்."

"அங்கள் மூஞ்சியா அதுல இருக்கு?"

வீரப்பன் மாமா சிரித்தார். பரமேஸ்வரன் சிரிக்கவில்லை. "நீ பேசறது சரியில்லம்மா. பெரியவங்க பாத்துச் செய்யற காரியம் இது. உங்க அம்மாதானே உறையக் குடுத்தாங்க? ஆயிரம் பேருக்கு மேல இந்தப் பக்கத்தப் பாத்திருக்காங்க, தெரியுமா? கீழ நம்பர் ஓடுது. நான் எத்தன வீடு ஏறி எறங்கியிருக்கேன், ஆயிரம் வீட்டுக்குப் போக முடியுமா?"

"நீங்க பாத்தீங்களா அங்கள்?"

"எத?"

"இந்தப் பக்கத்த. ஆயிரம் பேரு பாத்தாங்கன்னு சொல்றீங்களே, நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? கிருபா சொன்னான், நல்லா வந்திருக்குன்னு."

"இப்ப பாருங்க. எல்லாரும் பாப்போம். கிருபா, தொற. மொதல்லேருந்து, ஒருத்தர் விடாம."

கிருபாலன் பரமேஸ்வரனைப் பார்த்தான். அவர் சரி என்று தலையாட்டினார். தன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்று உண்மையாகவே நம்பினார். கிருபாலன் தொலைபேசியிலிருந்து கம்பியைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினான். கோழியைச் சாக்கில் திணிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு திரை வெளுத்தது.

படங்கள் ஒரேயடியாக வரவில்லை. மேலிருந்து கீழாக, ஓலையை விரிப்பது மாதிரி வரி வரியாக வந்தன. முதலில் தலைமுடி, பிறகு நெற்றி, பிறகு கண். முழு முகம் வருவதற்குள் அடுத்ததன் முடி தெரியத் தொடங்கிவிடும்.

"அட, நம்ம பெரியநாயகி" என்றார் மாமா. "இது மீனம்மா மூத்தவ. இது வேலாயி பேத்தி இல்ல? அதுக்குள்ள வளந்துட்டாளா?"

நாலைந்து பேர் வரை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் அப்புறம் நிறுத்திவிட்டார். எல்லோரும் எங்களுக்குத் தெரிந்த பெண்கள். ஒருத்திக்கு வலிப்பு வரும் என்று எழுதியிருந்தது. இன்னொருத்தியின் அப்பா குடிப்பார் என்று எழுதியிருந்தது. உறை கொடுக்கும்போது செயலாளர் காதில் மட்டும் வீட்டார் சொல்லும் சங்கதிகள். பையன் வீட்டுக்குப் பின்னால் தெரிந்து சண்டை வரக்கூடாது என்று அவர் உறைமேல் பென்சிலால் குறித்து வைப்பார். கிருபாலன் அதையும் கட்டத்தில் போட்டிருந்தான்.

மாமா தரையைப் பார்க்க ஆரம்பித்தார். "போதும்லா. ஆம்பளைங்க நாங்க உக்காந்து பாக்க ஒரு மாதிரியா இருக்கு."

"ஆயிரம் பேரு பாத்தாச்சி மாமா. நீங்களும் பாருங்க."

என் படம் வந்தது. உம்மென்றுதான் இருந்தேன். அந்த ஹெல்மெட்காரன் சொன்னது சரி. கீழே இறக்கச் சொன்னேன்.

அடுத்த படத்தின் முடி வந்தது. நடு வகிடு. வகிட்டில் ஒரு நெற்றிச்சுட்டி. அப்போது உஷாராணி தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். நெற்றிக்குக் கீழே முகம் இன்னும் இறங்கவில்லை.

"அது அம்மாவோட நெத்திச்சுட்டி" என்றாள்.

பரமேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். கண் வந்தது. மூக்கு வந்தது. உஷாராணி தட்டை மேசைமேல் வைத்தாள், கோப்பைகள் இடித்துக்கொண்டன.

"இவ போட்டோ எப்படி இதுல?" அவர் குரல் மாறிவிட்டது.

"உறைக் கட்டுலதான் இருந்துச்சு அங்கள்" என்றான் கிருபாலன். "தங்கா பத்துல ஒரு வாத்தியார் வீட்டுக்குக் காட்டணும்னு நீங்க எடுத்து வச்சிருந்தீங்களே. கட்டோட தந்தீங்க. நான் கட்டோட ஸ்கேன் பண்ணிட்டேன்."

"தங்கா பத்தா?" என்றாள் உஷாராணி. "எந்த வாத்தியார்? எனக்கே தெரியாது."

அந்த வாத்தியார் வீட்டுப் பேச்சு அமையவில்லை. பிறகு அவரே அந்தப் போட்டோவைத் திருப்பி வாங்கித் தன் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். அத்தோடு காரியம் முடிந்தது என்று எங்களைப் போலவே அவரும் நினைத்திருக்கிறார்.

உஷாராணி குனிந்து திரையைப் படித்தாள். "உடல்வாகு: கொஞ்சம் குண்டு." நிமிர்ந்தாள். "கொஞ்சம் குண்டா?"

"கட்டம் இருந்துச்சு" என்றான் கிருபாலன், யாருக்கும் கேட்காத குரலில்.

பரமேஸ்வரன் அதற்கடுத்த வரியைப் படித்துக்கொண்டிருந்தார். தந்தை கோயில் செயலாளர், மாலையில் கோயிலில் இருப்பார். அதை இரண்டாம் தடவையும் படித்தார். உஷாராணியின் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. மாலையில் அந்த வீட்டில் யார் தனியாக இருப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எடு" என்றார். "உஷா போட்டோவ மட்டும் இப்பவே எடு."

"மட்டுமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மத்ததப் பத்திக் கமிட்டியில பேசி…"

"என் வீட்டுக் கதவ ஒருத்தன் வந்து தட்டினான் அங்கள். உங்களுக்குத் தெரியும். அம்மா சொன்னாங்க. அப்ப ஆயிரம் பேரு பாத்தாங்கன்னு பேசினீங்க. உங்க வீட்டுக் கதவுன்னதும் ஒடனே எடுக்கணுமா?"

"ஏம்மா, அவ என் பொண்ணு."

"நான் சுப்பன் பொண்ணு. அவரு செத்துட்டாரு, அதான் கேக்க ஆளில்ல. நானே கேக்கறேன். எல்லாத்தயும் எடுங்க."

"எல்லாத்தயும் எடுத்தா மத்த வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்க?" என்றான் திருச்செல்வம். "அவங்களுக்கு வேணும்னு இருக்கலாம். நீங்க ஒருத்தர் அவங்க சான்ஸக் கெடுக்கறீங்க."

"வேணுங்கறவங்க வந்து சொல்லட்டும். அப்பா இல்ல, மாமா இல்ல. அந்தப் பொண்ணு வந்து சொல்லட்டும். எத எழுதறது, எத விடறதுன்னும் அவளே சொல்லட்டும். அப்புறம் லண்டன்ல போடுங்க, நெலாவுல போடுங்க."

உஷாராணி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். "எல்லாத்தயும் எடுக்கச் சொல்லுங்கப்பா. இல்லாட்டி என்னோடதயும் எடுக்க வேணாம். குண்டுன்னே இருக்கட்டும்."

திருச்செல்வம் நாற்காலியில் சாய்ந்தான். அதுவரை இருந்த மரியாதை அவன் முகத்திலிருந்து இறங்கியது. "எடுங்க. தாராளமா எடுங்க. போன வாரமே முழு லிஸ்டும் டிஸ்க்ல எங்க ஆபீசுக்கு வந்தாச்சி. இன்னிக்கு நான் வந்தது ஒரு மரியாதைக்குத்தான்."

"டெஸ்ட் பண்ணத்தானே கேட்டீங்க?" என்றான் கிருபாலன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "பாத்துட்டு அழிச்சிருவோம்னு சொன்னீங்க."

"டெஸ்ட் பண்ணினோம். நல்லாருந்துச்சு."

இரவெல்லாம் நின்றதில் எனக்குக் கால் வலித்தது. அப்போதுதான் அம்மா எழுந்தாள். அதுவரை சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தவள் மெதுவாக அவன் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இன்னும் இல்லம்மா." அவனுக்குப் புரியவில்லை.

"நல்லதாப் போச்சி. எங்க பக்கம் ஒரு மொற இருக்கு. போட்டோவ வச்சிருக்கறவங்க பொண்ணக் கட்டணும். கட்ட முடியலன்னா தாம்பாளத்துல வச்சித் திருப்பணும். ரெண்டுல ஒண்ணு. நீங்க நாப்பது பொண்ணு போட்டோ வச்சிருக்கீங்க. திருப்ப மாட்டேங்கறீங்க. அப்ப நாப்பதயும் நீங்களே கட்டிக்கிறீங்களா?"

வீரப்பன் மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "மண்டபம் பத்தாதுக்கா. காஜாங் மாட்டுச் சந்தையத்தான் வாடகைக்கு எடுக்கணும்."

"என்னம்மா இது, ஜோக்கா?" என்று திருச்செல்வமும் சிரிக்கப் பார்த்தான்.

"ஜோக்கு இல்ல. இவ போட்டோ ஒரு வீட்டுல கெடந்து ஒன்றர வருஷம் இவ வாழ்க்க நின்னுச்சு. நான் போய்த் தரையில உக்காந்து வாங்கிட்டு வந்தேன். உங்க ஆபீசு தரை எங்க இருக்குன்னு சொல்லுங்க, அங்கயும் வர்றேன்."

அம்மா சிரிக்கவே இல்லை. பரமேஸ்வரனும் சிரிக்கவில்லை. தாமானில் யாருக்காவது அந்த முறை தெரியும் என்றால் அவருக்குத் தெரியும். எத்தனை தாம்பாளங்களை அவரே சுமந்திருப்பார். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அக்கா சொல்றதுதான் மொற" என்றார். "நான் வீடு வீடாப் போய்த் திருப்பிக் குடுத்தேன். அட்டையத்தான் குடுத்திருக்கேன். போட்டோவக் குடுக்கல." கிருபாலன் பக்கம் திரும்பினார். "எல்லாத்தயும் எடுடா. ஒண்ணு விடாம."

கிருபாலன் எடுத்தான். ஒவ்வொரு முகம் இருந்த இடத்திலும் ஒரு வெற்றுச் சதுரம் வந்தது. முடிக்கும்வரை யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. நான் நின்றுகொண்டே பார்த்தேன். கடைசியில் கோபுரம் மட்டும் மிஞ்சியது. அதையும் எடுக்கவா என்றான். சாமி இருந்துட்டுப் போகட்டும் என்றார் மாமா.

கம்பியைத் திரும்பத் தொலைபேசியில் மாட்டியதும் பரமேஸ்வரன் எண்ணைச் சுழற்றினார். சிம்பாங் அம்பாட் கோயில் செயலாளர் அவருக்குச் சம்பந்தி முறை.

"சம்பந்தி, நாந்தான். கேஎல்லேருந்து டை கட்டி ஒரு பையன் வருவான், ரெண்டு பெட்டி குடுப்பான். உறைக் கட்டக் கேப்பான். குடுத்துறாதீங்க. ஏன்னா? குடுத்தா திரும்பி வராது, அதான். ஆமா, நான் குடுத்துட்டேன். நான் மடையன்னு சொல்லிக்கங்க, பரவால்ல. தங்கா பத்துக்கு நானே போன் பண்றேன். மத்தவங்களுக்கு நீங்க சொல்லிருங்க."

திருச்செல்வம் எழுந்தான். அவனுக்கு வேண்டியது எங்கள் நாற்பது போட்டோ மட்டும் இல்லை. மாநிலம் முழுக்க உள்ள கோயில்களின் உறைகள். அது ஒரு தொலைபேசியில் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. "சரி சரி, அங்கள், வைங்க. ஆபீஸ்ல இருக்கறத அழிக்கச் சொல்றேன்."

"அழிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்றார் பரமேஸ்வரன், பேசும் குழாயைக் கையால் மூடிக்கொண்டு. பிறகு விட்ட இடத்திலிருந்து பேசினார்.

அவர்கள் அழித்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் திரும்பி வந்து சொல்லவில்லை. அந்தப் பக்கம் எடுக்கப்பட்ட பிறகும் ஒருவன் எங்கள் வீட்டைத் தேடி வந்தான். கதவைத் திறக்காமலே போகச் சொன்னேன். ஆனால் அடுத்த தையில் உறை கொடுக்க வந்த வீடுகளில் பாதி, பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தன. பென்சிலால் எதையும் குறிக்கக் கூடாது என்று ஒருத்தி சொன்னதாக அம்மா சொன்னாள். நான் உறை கொடுக்கவில்லை. இந்தத் தடவை அம்மாவும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை முடித்துவிடுகிறேன். திருச்செல்வம் பெட்டிகளைப் பார்த்தான். யாராவது தூக்கிக் கொடுப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். மாமா கையைக் கட்டிக்கொண்டார். கிருபாலன் மேசையைவிட்டு எழவில்லை. திருச்செல்வமே ஒன்றைச் சுமந்து காருக்குக் கொண்டுபோனான், மறுபடி வந்தான். டை தோள்மேல் கிடந்தது. இரண்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"டெக்னாலஜிய யாராலயும் தடுக்க முடியாது மிஸ். உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நம்ம இனம் பின்னாலயே கெடக்கு."

"அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறத ராத்திரி பூராப் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்றேன். "பின்னால முன்னாலன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. நான் எதயும் தடுக்கல. கேட்டுட்டு வரச் சொல்றேன். கேக்கத் தெரியலன்னா வெளியவே நிக்கச் சொல்றேன்."

"நிக்கறதுக்கு எங்களுக்கு நேரம் இல்ல."

"அப்ப கெளம்புங்க" என்றாள் அம்மா.

அவன் பெட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் வாசலைக் கடந்தான். வெளியே போய் ஏதோ நினைவு வந்தவன் மாதிரி திரும்பினான். மேசைமேல் அவனுடைய கைத்தொலைபேசியின் சார்ஜர் கிடந்தது. அம்மாவும் அதைப் பார்த்தாள். எடுத்து, வாசல் வழியாக நீட்டி, அவன் சுமந்திருந்த பெட்டியின் மேல் பதமாக வைத்தாள்.

"இந்தாங்க. உங்க சாமான் எங்களுக்கு வேணாம்."

பிறகு கதவைச் சாத்தினாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உள்ளிருந்தே பூட்டினாள். கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள்.